தையல் பிரித்த பிறகு

திருப்பூரில் தையல் பிரிப்பது யாருக்கும் பிடிக்காத வேலை. டேமேஜ் விழுந்த பீஸைப் பிரித்து மறுபடி அடிக்க வேண்டும், அதற்குத் தனிக்கூலி கிடையாது. எங்கள் வீதிப் பையன் ஒருவனுக்கு மண்டையில் போட்ட தையலை ஆஸ்பத்திரியில் பிரித்த அன்று மட்டும் அவன் அம்மா தேங்காய் உடைத்தார். வயது இருபது, ஓவர்லாக் டைலர். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டுத் தாராபுரம் ரோட்டில் பைக்கில் வந்தவனை வேகத்தடை தூக்கி எறிந்தது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது. ஒன்பது நாள் நினைவில்லை. மண்டையைத் திறக்க வேண்டி வரவில்லை. உள்ளே கசிந்த ரத்தம் தானாக வற்றிவிட்டது. நாலாம் மாதம் கம்பெனிக்குப் போனான். முடி வளர்ந்து தழும்பை மூடியிருந்தது. பார்க்கிறவர்களுக்குப் பழைய பையன்தான்.

பதினொரு மணி டீ வந்தபோது மிஷின் டேபிளில் தலையைச் சாய்த்திருக்கிறான். "ராத்திரி முச்சூடும் செல்லு நோண்டீட்டு இங்க வந்து தூங்கறயாடா?" என்று சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னான்: "காலைல நல்லாத்தானுங்க மாமா இருக்குது. பத்தரைக்கு மேல கரண்டு போன மாதிரி ஆயிருது. கை ஓடுது, தலை ஓட மாட்டீங்குது. படுத்து எந்திரிச்சாலும் சடவு போறதில்லீங்க."

சடவு என்பது கொங்குப் பக்கத்துச் சொல். வேலை செய்த உடம்பில் ஏறும் அசதிக்குப் பெயர். அதில் ஒரு கௌரவம் உண்டு. உழைத்தவனுக்குத்தான் சடவு வரும். ராத்திரி படுத்தால் காலையில் போய்விடும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பையனுக்கு வருவது வேலைக்கு முன்னாலேயே வருகிறது, தூங்கினாலும் போவதில்லை. அதற்குத் தனிச் சொல் இல்லாததால் ஊர் பக்கத்தில் கிடக்கும் சொல்லை எடுத்துக்கொள்கிறது: சோம்பல். ஒன்று உடம்பின் நிலை, மற்றது குணத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. ஸ்வீடன்காரர்கள் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டார்கள். 'மூளைக் களைப்பு' என்று பொருள்படும் ஒற்றைச் சொல் அவர்களுடைய அன்றாடப் பேச்சிலேயே புழங்குகிறது.

மருத்துவ உலகில் இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களிடம் கேட்டால் நினைவு மறதிக்கும் தலைவலிக்கும் இணையாக, பல சமயம் அவற்றுக்கு முன்பாக, அவர்கள் சொல்வது அசதியைத்தான். எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டால் ஆய்வுகள் 21 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை சொல்கின்றன. இவ்வளவு இடைவெளி இருந்தால் அளவுகோலில்தான் கோளாறு. ரத்தத்தில் சர்க்கரையை அளப்பது போல அசதியை அளக்க வழியில்லை. கேள்வித்தாள் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு தாள் 1989இல் வேறு நோயாளிகளுக்காக உருவானது. ஒன்பது வாக்கியங்கள், அசதி வேலையைக் கெடுக்கிறதா, குடும்பத்தைப் பாதிக்கிறதா என்ற வகையில். அதைத் திருப்பூரில் கொடுத்துப் பாருங்கள். தலையில் அடியே படாத, பதினைந்து வருஷமாக ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற பேட்லாக் டைலர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார். ஊரே களைத்திருக்கும் இடத்தில் ஒருவனுடைய களைப்பை எப்படித் தனியாகப் பிரித்தெடுப்பது?

இதற்கு ஓரளவு உதவுவது கோதென்பர்க் நகரத்தின் பிர்கிட்டா யோஹான்சனும் லார்ஸ் ரென்பெக்கும் சேர்ந்து 2010 வாக்கில் செய்த மனக்களைப்பு அளவுகோல். அது எவ்வளவு களைப்பு என்பதோடு நிற்கவில்லை. களைப்பு வந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, சத்தமும் வெளிச்சமும் தாங்க முடிகிறதா, ஒரே நாளுக்குள் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் உண்டா என்று கேட்கிறது. பேட்லாக் டைலருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போதும். நம் பையனுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் இரண்டு நாள் போய்விடுகிறது. இந்த வித்தியாசத்தை முதலில் கவனித்தவர் டாக்டர் இல்லை, அவன் அம்மாதான். "ஏனுங்ணா, வேலைக்குப் போனா ஒரு நாள்ல தேறிக்கறான், விசேஷத்துக்குப் போனா ரண்டு நாள் படுத்துக்கறான், இது என்ன நோவுங்ணா?" என்று கேட்டார். கேள்வி சரியானது. விடை மூளைக்குள் இருக்கிறது.

உடம்பின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. தலை வேகமாகப் போய் எங்காவது மோதி நிற்கும்போது உள்ளே மூளை முறுகித் திரும்புகிறது. ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நீளமான நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. சாதாரண சி.டி. ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரியாது. ரத்தம் வற்றியதும் 'ஸ்கேன் நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் பின்னால் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். நிட்டிங் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: வட்ட மிஷினில் ஒரே ஒரு ஊசி பழுதானால் மிஷின் நிற்காது, துணி வந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் ரோல் முழுக்க ஒரு கோடு ஓடியிருக்கும். சாயம் போட்டு விரித்துப் பார்க்கிற வரைக்கும் பலர் கண்ணில் அது படுவதில்லை.

இழை அறுந்த மூளை வேலையை விட்டுவிடுவதில்லை, சுற்றுவழியில் போகிறது. 1984இல் நெதர்லாந்தின் வான் சோமெரனும் கூட்டாளிகளும் முன்வைத்த கருத்து இன்றும் நிற்கிறது: அடிபட்டவர் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்கத் தொடர்ந்து கூடுதல் முயற்சி போடுகிறார், அந்த முயற்சியின் விலைதான் அசதி. வெளியே தெரியும் வேலை ஒன்றுதான், உள்ளே ஓடும் மீட்டர் வேறு. 2009இல் நியூ ஜெர்சியில் டிலூக்கா குழுவினர் இதை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்தே பார்த்தார்கள். ஒரே மாதிரியான ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால், அடிபடாதவர் மூளையில் நேரம் ஆக ஆகச் செயல்பாடு குறைந்தது; பழகிவிட்டது என்று அர்த்தம். அடிபட்டவர் மூளையில் அது ஏறிக்கொண்டே போனது. அவர்களுக்கு அது பழகவில்லை. நூறாவது தடவையும் முதல் தடவை மாதிரி. மூளையின் அடியாழத்தில் இருக்கும் முடிச்சுகள், ஒரு செயலைத் தொடரத் தூண்டும் விசையைத் தருபவை, இந்த அசதியில் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று 2004இல் 'லான்செட்' இதழில் அபிஜித் சௌதுரியும் பீட்டர் பீஹனும் எழுதினார்கள். 'உள்ளே ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது' என்று அடிபட்டவர்கள் சொல்வதற்கு உடற்கூறு விளக்கம் அது.

இதை வைத்துக்கொண்டு பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால், நாம் நினைப்பதற்கு நேர்மாறான ஒன்று தெரிகிறது. ஓவர்லாக் ஓட்டுவது அவனைப் பெரிதாகக் களைப்பாக்குவதில்லை. கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாகச் சேர்ந்து பழகிய கை அது. கைப்பழக்கம் மூளையில் தங்குகிற இடம் வேறு, பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அவனை அடித்துப் போடுவது சுற்றியிருப்பவை. நாற்பது மிஷினின் இரைச்சல், அதற்கு மேலே ஸ்பீக்கரில் பாட்டு, இரண்டுக்கும் நடுவில் 'எம் சைஸ் பண்டில எடுத்து வை, எல் சைஸ அப்புறம் அடி' என்கிற குரல். தேவையில்லாத சத்தத்தை வடிகட்டித் தேவையான குரலை மட்டும் எடுப்பதை அடிபடாத மூளை தானாகச் செய்கிறது. அவன் ஒவ்வொரு முறையும் தீர்மானித்துச் செய்ய வேண்டும். கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் போனதற்குக் காரணமும் இதுவே. 'பாவம், லேசான வேலையாகக் கொடுப்போம்' என்று அவனைச் செக்கிங்குக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று. ஒன்றரை நாள் தாங்கவில்லை. ஆயிரம் பீஸில் எந்தப் பீஸில் ஓட்டை வரும் என்று இடைவிடாமல் விழிப்பாக இருப்பதைவிடக் கடினமான வேலை அவன் மூளைக்கு இல்லை. உடம்புக்கு லேசான வேலை மூளைக்கும் லேசு என்பது நம் எல்லோருடைய தப்புக் கணக்கு.

ஆனால் எல்லா அசதிக்கும் அறுந்த இழையையே காரணம் சொல்லிவிட்டுப் போவதும் ஆபத்து. சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல அதற்குள் ஒளிந்திருக்கும். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி தலையில் அடிபட்டால் எளிதாகச் சிதையும். 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வு, தலைக்காயத்துக்குப் பின் நாள்பட்ட நிலையில் 27.5 சதவீதம் பேருக்குச் சுரப்புக் குறைவு இருந்ததாகக் கணக்கிட்டது. ரத்தப் பரிசோதனையில் பிடிபடும், மருந்தும் உண்டு. ஆனால் யாராவது எழுதிக் கொடுத்தால்தானே! தூக்கம் இன்னொன்று. ஸூரிக் மருத்துவர்கள் தலைக்காயம் பட்டு 18 மாதம் ஆனவர்களைக் கருவி வைத்து அளந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போலக் கூடுதலாகத் தூங்கினார்கள், பகலில் தூங்கி விழுந்தார்கள், ஆனால் தங்கள் தூக்கக் கலக்கத்தை அவர்களே குறைத்து மதிப்பிட்டார்கள். பிறகு வலிப்பு மாத்திரை. ஃபெனிடாயின் போன்ற மருந்தை முதல் ஏழு நாள் கொடுப்பது ஆரம்பகால வலிப்பைத் தடுக்கும், அதற்குமேல் கொடுத்தாலும் பின்னாளில் வரும் வலிப்பைத் தடுப்பதில்லை என்பது சர்வதேச வழிகாட்டுதல். நம் பக்கத்தில் வலிப்பே வராதவர்களும் மாதக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டு, அதன் மந்தத்தையும் காயத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். (தானாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் 'இன்னும் எத்தனை நாளுங்க?' என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.) பெண் தொழிலாளியாக இருந்தால் ரத்தசோகையை முதலில் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது.

வயது இதில் எங்கே வருகிறது? 'சின்ன வயசு, சீக்கிரம் தேறிடும்' என்பதை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். இதற்கு விஞ்ஞானப் பெயரே உண்டு. 1930களில் மார்கரெட் கென்னார்ட் குரங்குகளிடம் செய்த சோதனைகளை வைத்து, இளம் மூளை எளிதில் மீளும் என்பது கென்னார்ட் விதி என்றானது. மெல்போர்னில் விக்கி ஆண்டர்சன் போன்றவர்கள் அடிபட்ட குழந்தைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தபோது அந்த விதி ஆட்டம் கண்டது. கை கால் சீக்கிரம் திரும்புகிறது, உண்மை. ஆனால் திட்டமிடுவது, கவனத்தை நிறுத்துவது, தன்னைத்தானே ஓட்டுவது இவற்றுக்கான மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. கட்டி முடியாத வீட்டில் இடி விழுந்த மாதிரி. பன்னிரண்டு வயதில் அடிபட்ட பிள்ளைக்குக் குறை பதினாறில்தான், பாடம் கனக்கும்போதுதான், தெரியவரும். அதற்குள் அடிபட்டதையே வீட்டில் மறந்திருப்பார்கள்.

அதோடு இளவயதுக்கு ஓய்வெடுக்கும் உரிமையை நாம் கொடுத்ததில்லை. அறுபது வயதுக்காரர் மத்தியானம் படுத்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. இருபது வயதுக்காரன் படுத்தால் அது வீட்டுப் பிரச்சினை. பெண்ணாக இருந்தால் வேறு கணக்கு: 'மண்டையில அடிபட்ட புள்ள' என்ற பேச்சு வரன் பார்க்கும் இடம் வரை போகும் என்று அடிபட்டதையே மறைப்பார்கள், மறைத்த பிறகு அசதிக்குக் காரணம் சொல்ல முடியாது. நடிகை எமிலியா கிளார்க் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் பருவம் முடிந்த கையோடு 2011இல், 24 வயதில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் பிழைத்ததை வெளியே சொல்ல 2019 வரை ஆயிற்று. அவருக்கே எட்டு வருஷம் என்றால் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பதினெட்டு வயதுப் பெண் எப்போது சொல்வாள்?

எத்தனை பேர் இப்படி இருப்பார்கள் என்பதற்கு நேரடிக் கணக்கு இல்லை, விபத்துக் கணக்குதான் இருக்கிறது. 2022இல் இந்தியாவிலேயே அதிகமான சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்: 64,105. இறந்தவர்கள் 17,884. அந்த வருஷம் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். இவை இறந்தவர்களின் எண்கள். பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களாக இருந்தால் ரயிலேறிப் போய்விடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு மூளைக்காயத்தின் ஒரு முடிவு நன்றாகத் தெரியும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த பதினைந்து வயது ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போலீஸ் சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி இதயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 'மூளைச்சாவு' என்ற சொல் அதற்குப் பிறகுதான் டீக்கடை வரை வந்தது. இன்னொரு முடிவைச் சினிமா சொல்லிக் கொடுத்தது. 'மூன்றாம் பிறை'யில் அடிபட்டவள் குழந்தையாகிறாள், 'கஜினி'யில் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லாம் அழிகிறது, 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தில் ஒரு வருஷம் காணாமல் போகிறது. ஒன்று சாவு, இல்லாவிட்டால் மறதி. எந்தப் படத்திலும் யாருக்கும் அசதி வந்ததில்லை. அதைப் படம் எடுப்பதும் கஷ்டம்தான்: ஒருவன் மத்தியானம் பாயில் படுத்திருப்பதை எத்தனை நிமிஷம் காட்ட முடியும்?

அரசின் பார்வையும் உயிர் காப்பதோடு முடிகிறது என்று சொன்னால் அநியாயம் செய்ததாகாது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' உண்மையிலேயே பெரிய திட்டம். விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்றுக்கொள்கிறது. 108 வண்டியும் இந்தத் திட்டமும் சேர்ந்து, முன்பெல்லாம் இறந்திருக்கக்கூடியவர்களைப் பிழைக்கவைக்கின்றன. அதனாலேயே சடவோடு வாழ்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. நல்ல வேலையின் மிச்சம் இது. 2021 ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சையாளரை அனுப்புகிறது. அவர் கையையும் காலையும் நீட்டி மடக்கச் சொல்லித் தருவார். கை கால் நன்றாக இருப்பவனுக்கு அவர் பார்க்க ஒன்றுமில்லை.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்வோம், திருப்பூர்த் தொழிலாளிக்கு அதுதான் கைக்கு எட்டுவது. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தையும் பணியிட விபத்தாகக் கொள்ளலாம் என்று 2010இல் சட்டத்தில் திருத்தம் வந்தது. இது பல பேருக்குத் தெரியாது. சாதாரண நோய் என்றால் வருஷத்துக்கு 91 நாள், கூலியில் 70 சதவீதம். பணியிடக் காயம் என்றால் 90 சதவீதம், ஊனம் நீடிக்கும் வரை. எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதில்தான் குடும்பத்தின் அடுத்த இரண்டு வருஷம் இருக்கிறது. நிரந்தர ஊனம் என்று வந்தால் சட்டத்தின் அட்டவணையைப் பார்ப்பார்கள். கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டிவிரல் முழுதாகப் போனால் 14. விரலை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிய சட்டம், விரல் பத்தும் இருந்தும் பதினொரு மணிக்கு மேல் தைக்க முடியாதவனை மெடிக்கல் போர்டின் முடிவுக்கு விட்டுவிடுகிறது. போர்டு பார்ப்பது பத்து நிமிஷம், அதுவும் காலையில். அப்போது அவன் நன்றாகத்தான் இருப்பான். பத்துப் பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் யூனிட்டில் இருந்தவனாக இருந்தால் இந்தப் பேச்சே பெரும்பாலும் எழாது.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. பார்கின்சன் உண்டு, ஆசிட் வீச்சு உண்டு. மூளைக்காயம் என்ற பெயரில் தனி வகை இல்லை. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம் 1990லேயே அதைத் தனி வகையாக்கிவிட்டது. பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்ற நம் சட்டத்தின் பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான், பனியன் கம்பெனிக்கு இல்லை. வெளிச்சம் கொஞ்சம் தெரிவது விபத்து இழப்பீட்டு வழக்குகளில். ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு, அவர் முன்பு என்ன வேலை செய்தார், இனி என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகச் சொன்னது. கை போன குமாஸ்தாவின் இழப்பும் கை போன தச்சரின் இழப்பும் ஒன்றல்ல. இந்த வாதத்தை அசதிக்கும் நீட்ட முடியும். ஆனால் தீர்ப்பாயத்தில் சாட்சி வேண்டும், அதற்கு நரம்பு உளவியல் பரிசோதனை வேண்டும், அந்தப் பரிசோதனை அமைதியான அறையில் நடக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் தாக்குப்பிடித்து நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் சரிந்தவர்கள் உண்டு. பரிசோதனையை வேலை தொடங்கிய மூன்றாவது மணி நேரத்தில், பக்கத்தில் ஓவர்லாக் ஓடும்போது வைக்க வேண்டும் என்பேன்.

சிகிச்சை என்று என்ன இருக்கிறது? மாத்திரை நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வது நல்லது. விழித்திருக்கவைக்கும் மோடாஃபினில் மருந்தை 2010இல் ஸூரிக்கில் சோதித்தபோது பகல் தூக்கம் குறைந்தது, அசதி குறையவில்லை. இரண்டும் வேறு என்பதற்கு அதுவே சாட்சி. மெல்போர்னில் ஜெனி பொன்ஸ்ஃபோர்டின் குழு 2014இல் வெளியிட்ட சிறிய சோதனையில், தினமும் காலை முக்கால் மணி நேரம் நீல ஒளி முன்னால் நான்கு வாரம் உட்கார்ந்தவர்களுக்கு அசதி குறைந்தது. நிறுத்தியதும் பலன் கரைந்தது. அதே ஊரில் தூக்கத்தையும் அசதியையும் குறிவைத்த பேச்சுச் சிகிச்சையும் பலன் தந்தது. லேசான அடியாக இருந்தால் இருட்டறையில் வாரக்கணக்கில் கிடக்கச் சொல்வது பழைய முறை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவர்கள் முதல் ஒன்றிரண்டு நாள் மிதமான ஓய்வு, பிறகு மெல்ல நடை என்கிறார்கள்.

ஆனால் எல்லா ஆய்வும் கடைசியில் வந்து நிற்கும் இடம் சாதாரணமானது. சக்தியைப் பங்கு போட்டுச் செலவழிப்பது. தீர்ந்தபிறகு ஓய்வெடுப்பதல்ல, தீரும் முன்னால் எடுப்பது. நல்ல நாள் வந்ததே என்று விட்ட வேலையையெல்லாம் பிடித்துக்கொண்டு ஓடினால் அடுத்த மூன்று நாள் பாயில்தான். அடிபட்ட எல்லோரும் ஆரம்பத்தில் செய்யும் தப்பு இது. மத்தியானம் அரை மணி நேரத்துக்கு மிகாத தூக்கம், காதுக்குப் பஞ்சு, ஒரு நேரத்தில் ஒரே வேலை, சொன்னதை எழுதிவைப்பது. காசு செலவில்லை. ஆனால் தன் நாளைத் தானே வெட்டித் தைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும். அந்த உரிமை யாரிடம் இருக்கிறது?

இங்கே திருப்பூர் ஒரு விசித்திரமான ஊர். ஒரு பக்கம் இதைவிடக் கடுமையான நேரக் கணக்கு இருக்க முடியாது. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை, ஒன்பது வரை போனால் ஒன்றரை, நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு. ஷிப்மெண்ட் நெருங்கினால் 'இன்னிக்கு நைட் இருக்கு' என்ற ஒற்றை வாக்கியம் போதும். ஷிப்ட் என்பது கூலிக்கு மட்டும் அளவு இல்லை, ஆளுக்கும் அளவு. மாப்பிள்ளை பற்றி விசாரித்தால் 'தொடர்ந்து ஒன்றரை பார்க்கிற பையன்' என்பார்கள். இன்னொரு பக்கம், இதே ஊரில்தான் வேலை ஆயிரம் துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டுகிறார்கள், மாடிப்படிக்கு அடியில் நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறார்கள். பீஸ் ரேட்டில் அடிப்பவனை எந்நேரம் வந்தாய் என்று கேட்பதில்லை, எத்தனை பீஸ் என்றுதான் கேட்பார்கள். அடிபட்ட மூளைக்கு இது ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் நுழைந்தால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கூலி பாதி. பிசிறு வெட்டுவது ஊரில் பாட்டிகள் செய்யும் வேலை. ஏற்றுமதிக் கம்பெனிகள் வெளிநாட்டு பையருக்குக் காட்டத் தணிக்கை நடத்துகின்றன. நெருப்பணைப்பான், கழிப்பறை, வயதுச் சான்று எல்லாம் பார்க்கிறார்கள். அடிபட்டுத் திரும்பும் ஆளுக்கு நாலு மணி நேர ஷிப்ட் கொடுத்தால் இ.எஸ்.ஐ. தொடர்கிறதா என்ற ஒரு வரியை அந்தத் தாளில் சேர்ப்பதற்குப் பெரிய சட்டம் தேவையில்லை என்று எனக்குப் படுகிறது. முதலாளிகள் ஒரேயடியாக மறுப்பார்கள் என்றும் நினைக்கவில்லை. நல்ல ஓவர்லாக் டைலர் கிடைக்காமல் போர்டு எழுதி மாட்டியிருக்கும் ஊர் இது.

நம் பையன் இப்போது எங்கள் வீதிக்கு மூன்றாவது வீதியில் ஒரு காண்ட்ராக்டரிடம் போகிறான். ஆறு மிஷின், ஸ்பீக்கர் இல்லை. காலை எட்டரைக்குப் போய்ப் பத்தரைக்கு எழுந்து, கட்டிப் போட்ட பண்டில்களின் மேல் கால் மணி நேரம் படுக்கிறான். மறுபடி பன்னிரண்டரை வரை. சாப்பாட்டுக்குப் பின் தூக்கம், மூன்றிலிருந்து முடிந்த மட்டும். எல்லா டைலர்களையும் போலச் சட்டைப் பையில் ஷிப்ட் நோட்டு வைத்திருக்கிறான். அடிபடுவதற்கு முந்தைய பக்கங்களில் மேலிருந்து கீழாக 1½, 1½, 2, 1½. பிறகு நாலாம் மாதம் வரை வெள்ளைத் தாள். இப்போது ½, ½, 0, ½.

போன சனிக்கிழமை கூலி வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். காண்ட்ராக்டர் நோட்டை வாங்கி விரலை வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தவர் வியாழக்கிழமையில் நின்றார். ¾ என்று எழுதியிருந்தது.

"ஏன்டா தம்பி, முக்கால் ஷிப்ட்னு ஒண்ணு எங்கடா இருக்குது?"

"அன்னிக்கு அஞ்சரை வரைக்கும் இருந்தனுங்கண்ணா."

அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரைக்கான பணத்தை எண்ணி வைத்துவிட்டு, மீதிக் காலைத் தன் நோட்டில் 'பாக்கி' என்று எழுதிக்கொண்டார்.